வட்டக் கண்ணாடியின் சாட்சி

காலையில் கடையைத் திறப்பதற்கு முன்னால் கண்ணாடிக்காரர் ஐந்து நிமிடம் தன் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். ஒன்பது பவர். கழற்றினால் கை எட்டும் தூரத்துக்கு அப்பால் எதற்கும் ஓரம் கிடையாது. எதிர்ச் சுவர் காணாமல் போகும். அணைக்க மறந்த தெருவிளக்கு பிரித்துப் போட்ட பஞ்சு மாதிரி பெருத்து நிற்கும். தெருவில் வருகிறவர் ஆணா பெண்ணா, சாதுவா சிடுமூஞ்சியா என்று எதுவும் தெரியாது. நிறமாக வருவார், நிறமாகப் போவார். அந்த ஐந்து நிமிடம்தான் அவருடைய ஜெபம். படிக்கட்டில் சாவிக்கொத்தோடு நின்றுகொண்டு, ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், கரைந்துபோன தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஆண்டவருக்கும் நாமெல்லாம் இப்படித்தான் தெரிவோமோ என்னவோ. மூஞ்சியில இருக்கிற கறையெல்லாம் தெரியாம," என்று ஒருநாள் மனைவியிடம் சொன்னார்.

"ஆண்டவருக்குப் பார்வை நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் இல்ல," என்றாள் அவள், துணி மடித்தபடியே. அந்த வீட்டில் வேதாந்தத்துக்கு அவ்வளவுதான் மரியாதை.

சபையில் அவர் இருபது வருடமாக இருக்கிறார். இருபது வருடத்தில் ஒருநாளும் எழுந்து நின்று சத்தமாக ஜெபித்ததில்லை, ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொன்னதில்லை. ஒரே ஒருமுறை போதகர் வலுக்கட்டாயமாக எழுப்பிவிட்டார். "கர்த்தாவே" என்று ஆரம்பித்தார். அதற்குமேல் வரவில்லை. முழு சபையும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தது. கடைசியில் "ஆமென்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு சுருக்கமான ஜெபத்தை அந்தச் சபை அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. சிலருக்கு அதில் ரகசிய சந்தோஷம்கூட இருந்தது.

வாய்க்குப் பதிலாக அவருக்குக் கை இருந்தது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு மெத்தென்ற துணி, விரல் நீளத்தில் தண்ணீர் பீச்சும் புட்டி, சாவிக்கொத்தில் குண்டூசி கனத்தில் ஒரு திருப்புளி. பஸ் நிறுத்தத்தில், தபால் ஆபீஸ் வரிசையில், ஆராதனை முடிந்து வெளியே வரும் கூட்டத்தில், யார் மூக்கில் அழுக்குக் கண்ணாடி இருந்தாலும் அவரால் பொறுக்க முடியாது. "கொஞ்சம் குடுங்க" என்று கையை நீட்டுவார். முன்பின் தெரியாதவர்கள்கூட ஏதோ வசியம் வைத்த மாதிரி கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். துடைப்பார், வளைந்த காதுக் காம்பை நிமிர்த்துவார், திருகை ஒரு சுற்று முறுக்குவார், மாட்டிவிடுவார். மாட்டிக்கொண்டவர் ஒரு கணம் அப்படியே நிற்பார். இத்தனை நாள் இந்த மரத்தில் இலை இருந்ததா என்பது போல ஒரு பார்வை. அந்தப் பார்வைக்காக அவர் எதையும் கொடுப்பார். சபைப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'தொடைக்கிற மாமா'.

கடை ஒற்றை ஆள் கடை. முன்பக்கம் கண்ணாடி அலமாரி, கீழே போகப்போகச் சிறுத்துக்கொண்டே வரும் எழுத்துப் பலகை, வெட்கப்படுகிறவர்களுக்காக ஒரு கைக்கண்ணாடி. வாசலருகே ஓர் அட்டைப்பெட்டி. வேண்டாத பழைய கண்ணாடிகளை அதில் போட்டுவிட்டுப் போகலாம். அவற்றைப் பவர் வாரியாகப் பிரித்து, வாங்க வழியில்லாதவர்களுக்கு மாட்டிவிடுவார். பின்பக்கம் தட்டியால் மறைத்த அறை. அங்கே தண்ணீர் சொட்டச் சொட்டச் சாணைச் சக்கரம் சுற்றும். வில்லையை ஃபிரேமின் அளவுக்கு அவர் தேய்த்து எடுக்கும்போது விரலெல்லாம் வெள்ளைக் குழம்பாகும். சக்கரத்தின் சத்தம் ஒரே சீராக இருக்கும். மத்தியான நேரத்தில் அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருப்பது தூக்கமும் இல்லாத விழிப்பும் இல்லாத ஓர் இடம். தான் தப்பே செய்யாத ஆள் என்று அவர் நம்பியதும் அந்த இடத்தில்தான்.

அப்படிப்பட்ட ஒரு வெள்ளிக்கிழமை பூத்தையல் அக்காவின் கண்ணாடி தயாரானது.

பூத்தையல் அக்கா அதே சபைக்காரர். ஐம்பத்தெட்டு வயது, தனி ஆள், மாடியில் ஒற்றை அறை. ஞானஸ்நான உடுப்புகளிலும் தலையணை உறைகளிலும் பூவும் கொடியும் பெயரும் தைத்துக் கொடுப்பார். ஊசியின் காதைத் தொட்டுப் பார்த்தே நூல் கோர்ப்பார் என்று பெயர். அவருக்கு வலது கண்ணில் சின்னப் பவர், இடது கண்ணில் பெரிய பவர். டாக்டர் புதிதாக எழுதிக் கொடுத்திருந்தார். "இந்த வயசுல எனக்கென்ன அழகு" என்று சொல்லிக்கொண்டே முக்கால் மணி நேரம் ஃபிரேம் பார்த்து, கடைசியில் சுத்த வட்டமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். மாட்டிக்கொண்டதும் ஆச்சரியப்பட்ட ஆந்தை மாதிரி இருந்தார். ஆனால் அவருக்குப் பிடித்திருந்தது. பழைய கண்ணாடியைத் தயங்காமல் அட்டைப்பெட்டிக்குள் போட்டார்.

"யாருக்காவது ஆகட்டும் தம்பி. எனக்குத்தான் புதுசு வந்துடுச்சே."

நான்காம் நாள் திரும்பி வந்தார்.

"தம்பி, ஒண்ணும் சரியா தெரியல. படியெல்லாம் சாஞ்சிருக்கிற மாதிரி இருக்கு. தலை வலிக்குது."

கண்ணாடிக்காரர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, தொழில்காரச் சிரிப்பு. புதுப் பவர் போட்ட பத்துப் பேரில் எட்டுப் பேர் இதே பாட்டைப் பாடுவார்கள். அதற்கென்றே அந்தத் தொழிலில் ஒரு வார்த்தை இருக்கிறது. செருப்புக் கடைக்காரர் "போடப் போட இளகிடும்" என்பது போல.

"பழகிக்கும் அக்கா," என்றார். கண்ணாடியை வாங்கிப் பளபளவென்று துடைத்துக் கொடுத்தார். பவர் பார்க்கும் கருவி மூன்றடி தள்ளித்தான் இருந்தது. அதில் வைத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

வேறு யாராவது சொல்லியிருந்தால் அக்கா இன்னொரு கடைக்குப் போயிருப்பார். சொன்னது தொடைக்கிற மாமா. ஆகவே பழகப் பார்த்தார். ஒரு வாரம் பழகினார், இரண்டு வாரம் பழகினார். ரோஜா தைக்கப் போனால் முட்டைக்கோஸ் வந்தது. பெயர் தைத்தால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அவருடைய அம்மாவுக்கும் இதே வயதில்தான் பார்வை மங்கத் தொடங்கி, ஆறே மாதத்தில் முழுக்கப் போயிருந்தது. அந்த நினைப்பு வந்ததும் டாக்டரிடம் போகப் பயந்துவிட்டார். வாங்கி வைத்திருந்த துணிகளை எல்லாம் தைக்காமலே திருப்பிக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு போதகர் சபையில் அறிவித்தார்: "நம்ம சகோதரியோட கண்களுக்காக ஒருமனப்பட்டு ஜெபிப்போம்."

எல்லோரும் ஜெபித்தார்கள். கண்ணாடிக்காரரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவருக்கே உரிய சத்தமில்லாத ஜெபத்தைச் செய்தார். நெஞ்சு உருகித்தான் செய்தார். அந்த உருக்கம் பொய் இல்லை. அதுதான் பிறகு அவரைப் படாத பாடு படுத்தியது.

மூன்றாம் வாரம், வியாழக்கிழமை பகல். அக்கா கண்ணாடியைக் கையில் பிடித்தபடி வந்தார். காம்பின் திருகு கழன்றிருந்தது.

"இது கழண்டா என்ன, கழலாட்டி என்ன. சும்மா தொங்குதேன்னு எடுத்துட்டு வந்தேன்."

கண்ணாடிக்காரர் அதை வாங்கிக்கொண்டு தட்டிக்குப் பின்னால் போனார். திருகு மாட்டினார். துடைத்தார். கைப்பழக்கத்தில் பவர் பார்க்கும் கருவிக்கு அடியில் வைத்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். டாக்டர் சீட்டைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

வலது கண்ணில் பெரிய பவர். இடது கண்ணில் சின்னப் பவர். மாறியிருந்தது.

எப்படி மாறியது என்பதும் அந்த நிமிடமே தெளிவாகத் தெரிந்துவிட்டது, நேற்று நடந்தது போல. தேய்த்து முடித்த வில்லைகள்மேல் மெழுகுப் பென்சிலால் 'வ' என்றும் 'இ' என்றும் எழுதி வைப்பார். மாட்டியபிறகுதான் அதைத் துடைக்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மாட்டுவதற்கு முன்னாலேயே இரண்டையும் எடுத்துத் துணியால் துடைத்து, விளக்கில் தூக்கிப் பிடித்து, ஒரு தூசு இல்லை என்று மகிழ்ந்திருந்தார். வேறு வடிவ ஃபிரேமாக இருந்தால் வலது வில்லை இடது பக்கம் உட்காரவே உட்காராது, அடம்பிடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். வட்டத்துக்கு அந்த ரோஷமெல்லாம் கிடையாது. எந்தப் பக்கம் போட்டாலும் உட்கார்ந்துகொள்ளும். மாட்டியதும் கருவியில் ஒருமுறை பார்ப்பது வழக்கம். அன்று அதையும் விட்டுவிட்டு ஜெபிக்க ஓடினார்.

குழாயிலிருந்து சாணைக்கல்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் அக்கா இருமினார். இவருடைய கைகள் தாமாகவே வேலை செய்தன. திருகைத் தளர்த்தி, வில்லைகளை எடுத்து, இடம் மாற்றி, முறுக்கி, கருவியில் வைத்துப் பார்த்தார். எல்லாம் பத்து நிமிடம். மூன்று வாரத்தைத் திருத்துவதற்குப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. இப்போதே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு வெளியே வந்தார்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அசையாமல் நின்றார். எழுத்துப் பலகையின் கடைசி வரி, பாதிப் பேர் பார்க்காமலேயே போய்விடுகிற வரி. அதை ஒவ்வொரு எழுத்தாக, முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி வாசித்தார். பிறகு கண்ணாடிக்காரருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கர்த்தர் கேட்டுட்டார் தம்பி. நீங்களும் ஜெபிச்சீங்கல்ல? கேட்டுட்டார்."

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார்.

"ம்," என்றார்.

அவ்வளவுதான். அக்கா அழுதபடியே படி இறங்கிப் போனார். நேராகப் போதகர் வீட்டுக்குப் போனார். மறுநாள் காலைக்குள் சபையில் கைக்குழந்தைகள் தவிர எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்கா சாட்சி சொல்லப்போகிறார்.

இருக்கட்டுமே, அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று வெள்ளிக்கிழமை காலை முழுக்கக் கண்ணாடிக்காரர் தனக்குத்தானே வாதாடினார். ஒரு பெண்ணுக்குப் பார்வை வந்தது. சபைக்குச் சந்தோஷம். ஆண்டவருக்கு மகிமை. இதில் ஒரு திருகாணி விவகாரத்தை ஏன் நுழைக்க வேண்டும்? வாதம் நன்றாகத்தான் இருந்தது. மத்தியானம் ஆர்கன்காரர் வரும் வரைக்கும்.

சபையில் ஆர்கன் வாசிக்கிறவருக்குக் கண்ணில் அழுத்தம். தினமும் இரண்டு வேளை சொட்டு மருந்து விட வேண்டும். விடாவிட்டால் அது பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வரும். கண்ணாடியைத் துடைக்கக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை அந்த அம்மா சாட்சியைக் கேட்டுட்டு நானும் சொட்டு மருந்தை நிறுத்திடப்போறேன். மூணு வாரத்துல அவங்களுக்குக் கிடைச்சது எனக்குக் கிடைக்காதா? எனக்கும் விசுவாசம் இருக்கு."

கண்ணாடிக்காரரின் கையில் துணி நின்றுவிட்டது. அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. "நிறுத்தாதீங்க" என்று மட்டும் சொன்னார். "ஏன்?" என்று ஆர்கன்காரர் கேட்டதும், கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் தட்டைக் கழுவுவதை நிறுத்தாமலே கேட்டாள்.

"சரி, சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா அந்தக்காவோட விசுவாசம் என்ன ஆகும்?"

"அவங்க விசுவாசத்தை நினைச்சுப் பயப்படறீங்களா, உங்க பேரை நினைச்சுப் பயப்படறீங்களா?"

அவர் சட்டைப் பைத் துணியை எடுத்து மடித்தார், பிரித்தார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எதிரில் உட்கார்ந்து, "ரெண்டுமேன்னா ரெண்டுமேன்னு சொல்லுங்க. நான் என்ன வெளியாளா?" என்றாள். அந்த நிமிடம் அவளை அவருக்கு ரொம்பப் பிடித்தது.

சனிக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு மாடிப்படி ஏறினார். அக்காவின் அறை முழுக்க வெயில். ஜன்னல் கம்பியில் நூல்கண்டுகள் தொங்கின. காற்று வந்தபோதெல்லாம் சுவரில் சிவப்பும் நீலமும் அசைந்தன. எங்கோ தண்ணீருக்கு அடியில் இருக்கிற அறை மாதிரி இருந்தது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் ஒரு கொடி தைத்துக்கொண்டிருந்தார். முகம் இருபது வயது குறைந்திருந்தது. இந்த முகத்தையா கலைக்கப்போகிறோம் என்று நினைத்தபடி வாசலிலேயே நின்றார்.

"வாங்க தம்பி. நாளைக்கு என்ன பேசறதுன்னு எழுதி வெச்சிருக்கேன். படிக்கட்டுமா?"

"வேணாம் அக்கா." நின்றபடியே சொன்னார். "உங்க கண்ணுல ஒண்ணும் இல்ல. எப்பவுமே இல்ல. நான்தான் வில்லையை மாத்திப் போட்டுட்டேன். வலதை இடதுல. முந்தாநேத்துதான் பார்த்தேன். சரி பண்ணிக் குடுத்தேன். சொல்லாம விட்டுட்டேன்."

அக்கா ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினார். சட்டத்தை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

"அடுப்புக்கு ஏழு அடி," என்றார் பிறகு.

"என்னக்கா?"

"கட்டில்லேர்ந்து அடுப்புக்கு ஏழு அடி. கதவுக்குப் பதினொண்ணு. தண்ணிப் பானைக்கு ஒன்பது. கண்ணை மூடிக்கிட்டு நடந்து பழகினேன். முழுசாப் போயிட்டா வேணுமேன்னு. ஒருநாள் சுவத்துல முட்டிக்கிட்டேன்." குரல் ஏறவே இல்லை. "பழகிக்கும்னு சொன்னீங்க. உங்க பேச்சை வேதவாக்கா எடுத்துக்கிட்டேன். பழகலைன்ன உடனே என் மேலதான் ஏதோ குத்தம்னு நினைச்சேன். என்னென்ன பாவம் பண்ணினேன்னு ஒண்ணொண்ணா யோசிச்சுப் பார்த்துக்கிட்டிருந்தேன் தம்பி."

அவருக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை.

"அப்போ கர்த்தர் கேக்கவே இல்லையா?" என்று கேட்டார் அக்கா.

போதகராக இருந்தால் இதற்கு ஒரு நல்ல பதில் இருந்திருக்கும். "தெரியல அக்கா. எனக்குத் துடைக்கத்தான் தெரியும்," என்றார் இவர். ஆர்கன்காரர் சொன்னதையும் சொன்னார். அதைக் கேட்டதும் அக்கா எழுதி வைத்திருந்த காகிதத்தை எடுத்து, நான்காக மடித்து, நூல்பெட்டிக்கு அடியில் வைத்தார்.

"நாளைக்கு நான் எழுந்திருக்க மாட்டேன். நீங்க எழுந்திருங்க. இப்ப போங்க."

ஞாயிற்றுக்கிழமை சபையில் நாற்காலி போதவில்லை. பாட்டு முடிந்தது. "நம்ம சகோதரி இப்ப சாட்சி சொல்வாங்க," என்றார் போதகர். அக்கா மடியில் கையைக் கோர்த்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

கண்ணாடிக்காரர் எழுந்து நின்றார். இருநூறு முகங்கள் திரும்பின. இன்றைக்கும் "ஆமென்" தான் போலிருக்கிறது என்று யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவர் கையை உயர்த்தித் தன் கண்ணாடியைக் கழற்றினார்.

முகங்கள் கரைந்தன. சேலைகளும் சட்டைகளும் ஜன்னல் வெளிச்சமும் கலந்து ஒரே மெல்லிய நிறமாயின. போதகர் ஒரு வெள்ளைப் பூச்சு, ஆர்கன் ஒரு பழுப்புப் பூச்சு. அது காலை நேரத்துத் தெருவாக இருந்தது. அந்தத் தெருவில் அவருக்குப் பயம் கிடையாது.

"அக்காவோட கண்ணாடியை நான்தான் தப்பாப் பண்ணினேன்," என்று ஆரம்பித்தார். வில்லை, மெழுகுப் பென்சில், பவர் கருவி, 'ம்' என்று சொன்னது எல்லாவற்றையும் சொன்னார். "அவங்க வந்து சொன்னப்பவே நான் பார்த்திருக்கணும். பார்க்கல. நான் தப்புப் பண்ண மாட்டேன்னு நினைச்சேன். நான் பண்ணின தப்புக்காக நீங்க எல்லாரும் ஜெபிச்சீங்க. நானும் ஜெபிச்சேன். என்னை மன்னிச்சிருங்க." பிறகு பழுப்புப் பூச்சு இருந்த பக்கம் திரும்பி, "அண்ணே, சொட்டு மருந்தை நிறுத்தாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்," என்றார்.

சபையார் கோபமாக இருக்கிறார்களா, ஏமாற்றமா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அவருக்கு எல்லாம் நிறம்தான். கண்ணாடி கையில் இருந்தது. மாட்டிக்கொள்ளத் தைரியம் வரவில்லை.

"என் சட்டைப் பையிலதான் இருக்கு," என்று ஆர்கன் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. ஒரு மூடி திறக்கும் சத்தம் கேட்டது. "காலையில விடல. இப்ப விட்டுக்கறேன். எல்லாரும் ரெண்டு நிமிஷம் பொறுங்க." பழுப்புக்கு முன்னால் ஒரு தலை பின்னால் சாய்ந்தது. போதகரும் சபையும் அந்த இரண்டு சொட்டுக்காகக் காத்திருந்தார்கள். யாரோ ஒரு பிள்ளை சிரித்தது.

அப்போது கரைந்த நிறங்களுக்கு நடுவிலிருந்து ஒரு நிறம் பிரிந்து அவரை நோக்கி வந்தது. பக்கத்தில் வந்து நின்றது. கையிலிருந்த கண்ணாடியை வாங்கிக்கொண்டது. சேலை முனையால் ஒரு வில்லையைத் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறு வில்லையையும் அதே போலத் துடைத்து, இரண்டு காதுகளுக்கும் பின்னால் காம்பைச் சரியாகப் பொருத்தி மாட்டிவிட்டது. வாழ்நாளில் அவருடைய கண்ணாடியை இன்னொருவர் துடைத்தது அதுதான் முதல் தடவை.

எதிரில் பூத்தையல் அக்காவின் முகம், வட்டக் கண்ணாடியோடு. கண் சிவந்திருந்தது. நெற்றியில், சுவரில் முட்டிய இடத்தில், ஆறிக்கொண்டிருந்த ஒரு சின்னக் காயம். பல நாளாக அது அங்கேதான் இருந்திருக்க வேண்டும். அவர் இப்போதுதான் பார்த்தார்.

"இனிமே எல்லார் மூஞ்சியையும் எப்படிப் பார்க்கப்போறேன்னு தெரியல அக்கா."

அக்கா அவரை ஒரு நிமிடம் பார்த்தார்.

"பழகிக்கும்," என்றார்.